பறவை திரும்பினால் வருகை, நாம் திரும்பினால் அத்துமீறல்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் பிறந்தால் எனக்கு இரண்டு விடயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, வடக்கிலிருந்து வரும் வாத்துக் கூட்டங்கள் வங்காலைக் களப்பில் இறங்கத் தொடங்குவது. மற்றது, 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவு முஸ்லிம்களாகிய நாங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் போய் இறங்கியது. அப்போது எனக்குப் பத்து வயது. வாப்பா கடற்றொழிலாளி. சோளகம் எது, கச்சான் எது, வாடை எப்போது திரும்பும் என்று காற்றை முகத்தில் வாங்கியே சொல்லிவிடுவார். அந்த அறிவைப் புத்தளத்து ஓலைக் குடிசையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அது அவரோடு மௌத்தாகிப் போனது.

இப்போது நான் மன்னாரில் ஆசிரியன். சில வருடங்களுக்கு முன் மாணவர்களை இயற்கை பற்றிய தகவல் நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பலகையில் தமிழ் இருந்தது. மூன்றாவது வரியில், எழுத்துப் பிழைகளோடு. விளக்கம் சொன்ன இளைஞர் நல்லவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. பூநாரைகள் எப்போது கரைக்குக் கிட்ட வரும் என்பதற்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பதில் வைத்திருந்தாள். "தண்ணி வத்தினாத்தான் வரும் சேர். எங்கட வாப்பா அந்த நேரம் பாத்துத்தான் றால் வலைக்குப் போவார்" என்றாள். அந்த நிலையத்தில் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஆளில்லை. இழப்பு அந்தப் பிள்ளைக்கு மட்டுமா?

வங்காலை 2008-இல் சரணாலயமானது. 2010-இல் 4,839 ஹெக்டேயர் பரப்புடன் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திப் பறக்கவிட்ட மேகா என்ற கடற்காகம், ஆர்ட்டிக் பிரதேசம் வரை போய் மீண்டும் மன்னாருக்கே வந்தது. நாடே மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. போன பறவை வந்தால் அது வருகை. போன மனிதன் வந்தால் அது ஏன் அத்துமீறல்?

முசலிப் பிரதேசத்தின் கதையை வாசகர் அறிவர். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் இருபது ஆண்டுகள் அகதிகளாக இருந்தனர். அதற்குள் அவர்களின் வளவுகளில் காடு எழுந்தது. 2012-இல் மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை ஒதுக்குக் காடாக்கி வர்த்தமானி வந்தது. 2015-இல் "வில்பத்து அழிகிறது" என்ற கூக்குரல் எழுந்தது. வில்பத்து தேசியப் பூங்கா மோதரகம் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது, இந்த ஊர்கள் வடக்கே இருக்கின்றன என்று சொன்னவர்களின் குரல் எடுபடவில்லை. 2017-இல் மாவில்லு காப்புக் காடு என்ற பெயரில் 40,030 ஹெக்டேயர் வர்த்தமானியில் ஏறியது. 2020-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், காடு அழிக்கப்பட்டதெனக் கண்டு, முன்னாள் அமைச்சர் ஒருவரைத் தம் செலவில் மரம் நடச் சொன்னது. தவறு நடந்த இடத்தில் மரம் நடப்படட்டும். ஆனால், அகதியாகப் போனவனின் கிணறும் பள்ளிவாசலும் மையவாடியும் எந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டன?

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைப் பாருங்கள். ஆபிரிக்காவின் மரம். அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பது செவிவழிக் கதை. அதற்கு வேலி போட்டு, பெயர்ப் பலகை நாட்டி, உல்லாசப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். வந்தேறி மரத்துக்கு மரபுரிமை உண்டு. நல்லது. அந்த மரத்தடியில் தலைமுறைகளாக விளையாடிய பிள்ளைகளுக்கும் அது இருக்க வேண்டாமா?

நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டியதுண்டு. வில்பத்து விவகாரத்துக்குப் பின் 'சுற்றாடல்' என்ற சொல்லைக் கேட்டாலே நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அது இனவாதிகளின் சொல் என்று ஒதுக்கிவிட்டோம். அந்தக் கோபத்தின் மறைவில் கண்டல் வெட்டப்படுகிறது, மணல் ஏற்றப்படுகிறது, களப்பின் ஓரம் குப்பைமேடாகிறது. ஓடும் ஆற்றிலும் வுழூவுக்குத் தண்ணீரை வீணாக்காதே என்று படித்த சமூகம் இது. நம்மைப் பழித்தவன் காட்டைப் பேசினான் என்பதற்காகக் காடு நம் எதிரியாகிவிடுமா?

நிலைமை வேறாகவும் இருக்க முடியும் என்பதை மன்னார் காட்டிவிட்டது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன், 103.5 மெகாவாற் கொள்ளளவில் தம்பபவனி திறக்கப்பட்டது. அடுத்து, மேலும் 52 காற்றாலைகளுக்கு அதானி நிறுவனம் வந்தது. பறவைகள் வந்துபோகும் வான்வழியில் இத்தனை சிறகுகள் சுழலலாமா என்று சூழலியலாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள், அதற்கு நன்றி. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. அதே ஆண்டு, மேலும் காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாமென்று மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். தேவாலயத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் வந்தவர்கள் ஒன்றாக நின்றார்கள். இந்த மண்ணின் மனிதனை இயற்கைக்கு எதிரி என்று எழுதிய பேனாக்கள் அந்த வீதியை வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். மன்னாரில் இயற்கை கற்கும் இடம் எது அமைந்தாலும் அதன் முதல் மொழி தமிழாக இருக்கட்டும். அங்கே பாடம் சொல்ல விஞ்ஞானியும் வரட்டும், பேசாலையின் கரைவலைக்காரரும் எருக்கலம்பிட்டியின் முதிய கடற்றொழிலாளியும் வரட்டும். சுவரில் பறவைகளின் பயணப் பாதையை வரையும்போது, 1990-இல் நாங்கள் போன பாதையையும் திரும்பி வந்த பாதையையும் பக்கத்திலேயே வரையுங்கள். மூன்று சமயத்துப் பிள்ளைகளும் ஒரே தொலைநோக்கியை மாறி மாறிப் பிடிக்கட்டும். இந்த இடத்தை அரசு கட்டும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மதரஸாவின் ஒரு சனிக்கிழமை மாலையும், ஒரு கொப்பியும், கடல் தெரிந்த ஒரு மனிதரும் போதும்.

எங்கள் வகுப்பில் கொப்பி தொடங்கிவிட்டோம். தண்ணீர் எப்போது வற்றியது, எந்தக் காற்று அடித்தது, எத்தனை பறவை வந்தது என்று அதில் எழுதுகிறோம். முதல் பக்கத்தை எழுதியவள் அந்த றால் வலைக்காரரின் மகள்.