கணினிக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

பெருநாளுக்கு முந்திய இரவில், கல்முனைக் கடைத்தெருவிலுள்ள புடவைக்கடை ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். சனம் நெருக்குகிறது, சிப்பந்திகள் ஓடியாடி உழைக்கிறார்கள், ஆயினும் வியாபாரம் மந்தமாகவே நடக்கிறது. காரணம் யாது? ஆள் போதாது என்பார் ஒருவர். இடம் போதாது என்பார் மற்றொருவர். விவேகமுள்ள முதலாளியோ ஊகத்தை நம்பமாட்டார். எந்தச் சிப்பந்தி எத்தனை தடவை பண்டசாலைக்குப் போய் வந்தான் என்று எண்ணிப் பார்ப்பார். ஒரே பொருளுக்காக நூறு தடவை நடந்திருந்தால், குறை எங்கே என்பது வெளியாகிவிடும்.

கணினியின் நிலையும் இதுவே. அதன் நினைவகத்தையும் கருவிகளையும் ஆளுகின்ற பணிசெயல் முறைமையின் நடுப்பகுதியைக் கேர்னல் என்பர். லினக்ஸ் முறைமையின் கேர்னலில், சார்புகள் எனப்படும் சிறு செயற்கூறுகள் பல்லாயிரம் உண்டு. ஒரு கோப்பைத் திறப்பதற்கே இவை ஒன்றையொன்று அழைத்துச் சங்கிலித் தொடராக இயங்குகின்றன. கணினி தாமதிக்கும்போது, எந்தச் சார்பு எத்தனை தடவை அழைக்கப்பட்டது என்று எண்ணுவது, நோயறிவதற்கு நல்லதொரு வழியாகும்.

ஆனால் எண்ணுவதற்காக வேலையை நிறுத்தலாமா? கேர்னலின் மூலநிரலில் புதிய வரிகளைச் சேர்த்து, அதனை மீண்டும் தொகுத்து, கணினியை நிறுத்தித் தொடக்குவது ஒரு வழி. வங்கியிலோ வைத்தியசாலையிலோ இடையறாது இயங்கும் கணினிக்கு அது பொருந்தாது.

இச்சிக்கலைத் தீர்த்ததில் நமது அயல்நாட்டவருக்கும் பெரும்பங்கு உண்டு. இந்தியாவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். வம்சி கிருஷ்ணா, 2002ஆம் ஆண்டில் கேப்ரோப்ஸ் என்னும் உபாயத்தின் முதல் வடிவத்தை அமைத்தார். பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா முதலியோர் அதனை மேலும் வளர்த்தனர். 2004இல் அது லினக்ஸ் கேர்னலிலேயே இடம்பெற்றது. அதன் சூட்சுமம் எளிது. எண்ண வேண்டிய இடத்திலுள்ள கட்டளையின் மீது ஒரு பொறியை வைப்பர். செயலி அவ்விடத்துக்கு வந்ததும் கணப்பொழுது திரும்பி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, மறைக்கப்பட்ட மூலக் கட்டளையையும் நிறைவேற்றிவிட்டுத் தன் வழியே செல்லும். பொறியை அகற்றினால் எல்லாம் முன்போலாகும்.

2008இல் ஸ்டீவன் ரொஸ்டெட் என்பார் எஃப்ட்ரேஸ் என்னும் மற்றொரு கருவியை அளித்தார். இதில் சார்புகளின் வாயிலிலேயே ஒரு வெற்றிடம் ஒதுக்கப்பட்டிருக்கும். வேண்டும்போது அங்கே கணக்கப்பிள்ளை அமர்வார். வேண்டாதபோது செலவு ஏறக்குறைய இல்லை.

எனினும் அதே ஆண்டு ஒரு விபரீதம் நேர்ந்தது. கேர்னலின் 2.6.27 என்னும் பதிப்பைப் பரீட்சித்தவர்கள் சிலரின் கணினிகளில், இன்டெல் நிறுவனத்தின் வலையமைப்பு அட்டைகள் பழுதடைந்தன. ஆராய்ந்தபோது, குற்றவாளி எண்ணும் கருவியே என்பது தெரிந்தது. தான் முன்பு குறித்துவைத்த இடம் விடுவிக்கப்பட்டு, அந்த அட்டைக்கு வழங்கப்பட்டிருந்ததை அறியாமல், எஃப்ட்ரேஸ் அங்கே எழுதிவிட்டது. அட்டையின் நிலையான நினைவு சிதைந்தது. ஆகவே அப்பதிப்பு வெளியான பின் வந்த திருத்தப் பதிப்பில் அவ்வசதியை முடக்கினார்கள். அடுத்த பதிப்பில், கேர்னலைத் தொகுக்கும்போதே இடங்களைக் குறித்துக்கொள்ளும் முறை வந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. எண்ணாமல் காரணம் கூறுவது ஊகம். எண்ணுவோனும் கண்காணிப்புக்கு அப்பாற்பட்டவன் அல்லன்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நமது பாடசாலைகளிலும் கணினி கற்கும் மாணவர்கள் இக்கருவிகளை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. அவை லினக்ஸுடனேயே வருகின்றன; மூலநிரலும் யாவரும் படிக்கத் திறந்திருக்கிறது. பரீட்சைக்கென ஒதுக்கிய கணினி ஒன்றில், ஒரு கோப்பைத் திறக்கும்போது எத்தனை சார்புகள் விழித்தெழுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கணினி மந்தமானால் உடனே புதியது வாங்கச் சொல்லும் பழக்கம், அன்றோடு உங்களை விட்டு நீங்கக்கூடும்.