உதிர்ந்த இலை குப்பையன்று

மாசி, பங்குனி மாதங்களில் தஞ்சை வட்டாரத்து மரங்கள் பல பழைய இலைகளை உதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கின்றன. அந்நாள்களில் பூங்காக்களிலும் அலுவலக வளாகங்களிலும் சாலையோரங்களிலும் காலைதோறும் புகை எழுவதைக் காண்கிறோம். சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவதும் தூய்மைப் பணியே என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அப்பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே நுரையீரல் மருத்துவர் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

'இலைதானே எரிகிறது, அதன் புகை என்ன செய்யும்?' என்று கேட்போர் உண்டு. குவித்த சருகு கொழுந்துவிட்டு எரிவதில்லை, கனன்று புகைகிறது. அவ்வாறு அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களும் மிகுதியாக வெளிப்படுகின்றன. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30இல் ஒரு பங்கே உள்ள இத்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடுகின்றன. காற்றில் இவற்றின் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு; நம் நாட்டு வரம்பு 60.

ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் உள்ளவர்க்கு இப்புகை மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. இதய நோயாளிகளுக்கும் சுமையைக் கூட்டுகிறது. பின்பனிக் காலத்து விடியற்காலையில் தரையையொட்டிய குளிர்காற்று எளிதில் மேலெழாது. ஆகவே புகையும் நம் மூக்கின் உயரத்திலேயே தங்குகிறது. நடைப்பயிற்சிக்கு நாம் அறிவுறுத்தும் நேரமும் அதுவே.

இதற்குத் துப்புரவுப் பணியாளரைக் குறை கூறுதல் நேர்மையாகாது. அப்புகையை முதலில் சுவாசிப்பவர் அவரே. வளாகப் பராமரிப்பு பல இடங்களில் இன்று ஒப்பந்தப் பணியாகிவிட்டது. தரை வெறுமையாகத் தெரிகிறதா என்பதே தூய்மையின் அளவுகோல் என்றால், சருகை அள்ள வண்டியும் சேர்க்க இடமும் தரப்படாவிட்டால், தீக்குச்சியே எளிய வழியாகிவிடும். மாற வேண்டியது அந்த அளவுகோல்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. பொது இடங்களில் கழிவை எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீடாக விதிக்க ஆணையிட்டது.

சட்டத்தைவிடப் பழமையான அறிவும் நம்மிடம் உண்டு. புங்கந்தழையையும் வேப்பந்தழையையும் சேற்றில் மிதித்து நாற்று நட்ட நாடு இது. வயலுக்கு உரமான இலை, பூங்காவுக்கு மட்டும் எப்படிக் குப்பையாகும்? சருகை மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினால் கோடையில் மண்ணின் ஈரம் காக்கப்படும். தண்ணீர்ச் செலவும் குறையும். எஞ்சியதை வளாகத்தின் மூலையில் குழியிலிட்டு, ஈரம் குன்றாமல் அவ்வப்போது புரட்டிவிட்டால், நம் வெப்பத்தில் சில மாதங்களில் மட்கி உரமாகும்.

பூச்சியும் பாம்பும் சேருமே என்ற அச்சம் நியாயமானது. எனவே நடைபாதையையும் அமரும் இடங்களையும் ஒட்டிச் சருகோ புதரோ இருத்தலாகாது. உண்ணிக் காய்ச்சலைத் தவிர்க்கவும் இது தேவை. டெங்கு பரப்பும் கொசு உலர்ந்த சருகில் முட்டையிடுவதில்லை. தேங்கிய நீரே அதற்கு வேண்டும். ஆகவே சருகுக்கிடையே கிடக்கும் குவளைகளையும் பாலித்தீன் பைகளையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அவை எரிந்தால் எழும் புகை இன்னும் நஞ்சானது.

நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் சில வேண்டுகோள்கள். புகை சூழ்ந்த காலையில் நடைப்பயிற்சியைத் தள்ளிவையுங்கள். வீட்டுக்குள் புகை வருமானால் சன்னல்களைச் சாத்துங்கள். கைக்குட்டையோ ஈரத்துணியோ நுண்துகளைத் தடுக்காது; வெளியே சென்றே ஆக வேண்டுமெனில் முகத்தோடு நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசம் அணியுங்கள். இன்ஹேலரைக் கைவசம் வைத்திருங்கள். அதன் பின்னும் மூச்சுத்திணறல் தணியாவிடில் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள். உங்கள் தெருவிலோ வளாகத்திலோ சருகு எரிக்கப்படுமானால், பணியாளரிடம் சினம் கொள்ளாமல், பொறுப்பிலுள்ள அலுவலரிடம் ஓர் உரக்குழி கேளுங்கள். அக்குழி, மருந்துச்சீட்டில் நான் எழுத இயலாத மருந்து.