கிளினிக் கொப்பியை ஒளிக்க வேண்டாம்

பொங்கல் முடிந்த வாரம் வாகரைக்குப் போயிருந்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்தை விட்டு மட்டக்களப்புப் பக்கம் போன குடும்பங்களில் என் பெரியப்பா குடும்பமும் ஒன்று. பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய மகன், என் அண்ணன், களப்பில் மீன் பிடிக்கிறார். கொஞ்சம் கச்சானும் போடுகிறார். நான் போன மறுநாள் காலையில், சுவர் ஆணியில் தொங்கிய ஒரு பையை எடுத்துக்கொண்டு அண்ணி புறப்பட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வயதான அம்மா கேட்டார்:

"எங்க பிள்ள, வெள்ளனவே?"

"கிளினிக்குக்கு மாமி. மனசுக்கு மருந்து எடுக்கிற நாள்."

"அப்ப வரக்குள்ள எனக்கு ஒரு றாத்தல் பாண் வாங்கிட்டு வா."

அவ்வளவுதான் பேச்சு. எனக்குத்தான் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

காரணத்தைச் சொல்கிறேன் தோழர்களே. 2022இல் என் தம்பி கடன் தொல்லை தாங்காமல் தன் உயிரை முடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு எட்டு மாதம் எனக்குத் தூக்கமில்லை. பெரட்டுக்களத்தில் நெஞ்சு படபடக்கும். கூட்டத்தில் பேச எழுந்தால் வார்த்தை வராது. கேட்டவர்களுக்கெல்லாம் "கேஸ்டிரைட்டிஸ்" என்று சொன்னேன். சங்கத்தில் பொறுப்பில் இருப்பவன், நாலு பேருக்கு நியாயம் பேசுகிறவன், மனசு சரியில்லை என்று வாய் திறக்கலாமா?

கடைசியில் மனைவிதான் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று இரண்டு பஸ் மாறி, தூரத்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். அன்று அங்கே தமிழ் தெரிந்த வைத்தியரோ தாதியோ இல்லை. என் தம்பி செத்த கதையைச் சிற்றூழியர் ஒருவர் சிங்களத்தில் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கொடுத்த மருந்து வேலை செய்தது. ஒரு மாதத்தில் தூக்கம் வந்தது. ஆனால் அந்தக் கிளினிக் கொப்பியை அரிசிப் பெட்டிக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். அண்ணியுடைய கொப்பியோ ஆணியில் தொங்குகிறது.

வாகரை பட்ட பாடு

வாகரை மக்களுக்குத் துக்கம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையைச் சுனாமி அடித்தது. இரண்டு வருடத்துக்குள் யுத்தம் மறுபடி வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, கதிரவெளியில் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது ஷெல் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனபோது, ஊரே காடும் களப்பும் தாண்டி ஓடியிருந்தது. திரும்பி வந்தவர்களைச் சில வருடங்களில் நுண்கடன் பிடித்தது. வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் கடன்காரருக்குப் பயந்து, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய பெண்களின் கதை மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் உண்டு. அது நம் லயங்களிலும் உண்டு.

அந்தக் காலத்தில் மனநல வைத்திய நிபுணர்கள் கிழக்கில் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். மட்டக்களப்பில் பணியாற்றிய வைத்திய நிபுணர் மகேசன் கணேசனும் அவரோடு வேலை செய்தவர்களும், நோயாளியை ஊரிலிருந்து பிரித்து அங்கொடைக்கு அனுப்பாமல், மாவட்டத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்கும் வழியைத் தேடினார்கள். கிராமத்துக்குப் போய் விசாரிக்க ஆட்களைப் பழக்கினார்கள். சிகிச்சை சில பெரிய ஆஸ்பத்திரிகளில் குவிந்து கிடக்காமல் மாவட்டங்களுக்குப் பரவ வேண்டும் என்றுதான் 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கையும் சொன்னது.

அண்ணியிடம் நேராகவே கேட்டேன்: "ஊரார் என்ன சொல்வார்கள் என்று பயப்படவில்லையா?" அவர் சிரித்தார். "நானும் ஒளிச்சவள்தான். ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்திச்சு. பாயில இருந்து தேத்தண்ணி குடிச்சிச்சு. ஒண்டும் கேக்கல்ல. மூணு தரம் என்னோட பஸ்ஸில வந்திச்சு. நாலாம் தரம் நானே போனன்."

தைரியம் யாருடையது?

அந்தப் பதில் என்னை விடவில்லை. மனநோய் பற்றிப் பேசும்போதெல்லாம் "வெட்கப்படாமல் போங்கள், தைரியமாகப் பேசுங்கள்" என்று நோயாளிக்கே புத்தி சொல்கிறோம். தூக்கமும் பசியும் போன மனிதரிடம்தான் இன்னும் கொஞ்சம் தைரியம் கொண்டுவா என்று கேட்கிறோம்.

சங்கத்துக்கு இது புதிய பாடமா? பெயர் வெட்டப்பட்ட ஒரு தொழிலாளியைத் துரையின் ஆபீஸுக்குத் தனியாக அனுப்புவோமா? தொழில் திணைக்களத்துக்கு அனுப்பும்போது கூடப் போகாமல் இருப்போமா? தனி ஆளிடம் பலம் இல்லை என்று தெரிந்துதானே சங்கம் கட்டினோம்? அதே நியாயம் கிளினிக் வாசலுக்கும் பொருந்தும். முதல் மூன்று தடவை ஒருவர் கூடப் போனால், நாலாம் தடவை அவர் தானே போவார்.

கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. யுத்த காலத்தில் பிள்ளை காணாமல் போன தாய்மார் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்டு அழுததை, மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெளியே வாய் திறந்து சொல்ல முடியாததை அந்தச் சந்நிதியில் அவர்களால் சொல்ல முடிந்தது. நம் மாரியம்மன் கோயிலும் பலருக்கு அப்படித்தான். சாமியிடமும் சொல்லுங்கள், வைத்தியரிடமும் சொல்லுங்கள். பேய், சூனியம் என்று மாதக்கணக்கில் பணத்தைக் கொட்டி, கடைசியில் ஆள் கை மீறிய பிறகு ஆஸ்பத்திரி தேடுவதுதான் வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டியவை

நம் ஆட்கள் "மனசு சரியில்லை" என்று வந்து நிற்பது குறைவு. தலைவலி, நெஞ்சு எரிவு, உடம்பெல்லாம் உளைச்சல் என்றுதான் டிஸ்பென்சரிக்கு வருவார்கள். பனடோல் வாங்கிக்கொண்டு போவார்கள். சாராயத்தில் மறைப்பவர்களும் உண்டு. நன்றாக வேலை செய்த ஒருவர் வாரக்கணக்கில் தூங்காமல், யாரோடும் பேசாமல், மலைக்கு வராமல் இருந்தால், அவரைச் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள்.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வழக்குப் போடும் என்ற பயம் லயங்களில் இன்னும் இருக்கிறது. அதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. பயந்து வீட்டில் வைத்திருந்து உயிரை விட வேண்டாம்.

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, அது பின்வந்த ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அந்தக் கெட்ட நேரத்தைக் கடத்திவிட்டால் மனிதர் பிழைக்கிறார் என்பதைத்தான் இது காட்டுகிறது. என் தம்பிக்கும் அந்த ஒரு இரவைக் கடக்க யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம். பக்கத்து லயத்தில்தான் நான் இருந்தேன். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கம் செய்ய வேண்டியது

நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மனநலக் கிளினிக்குக்குப் போகிற நாளில் சம்பளம் வெட்டக்கூடாது. போகும் காரணத்தைக் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் விளக்க வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது. மலையக மக்கள் போகிற ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழில் பேசி, கதவைச் சாத்திவைத்துக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். தோட்டத்து மருந்து ஸ்டோருக்குப் பூட்டும் பொறுப்பான ஆளும் வேண்டும்.

நாமே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் துணைக்குப் போகிறவர்களாக இருக்கட்டும். வைத்தியம் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. பஸ்ஸில் கூட உட்கார வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, அவ்வளவுதான். மாதர் சங்கத்தினர் இதை ஆண்களைவிட நன்றாகவே செய்வார்கள். "பைத்தியம்", "அங்கொடைக் கேஸ்" என்ற சொற்களை நம் கூட்டங்களில் பகிடிக்கும் சொல்ல விடக்கூடாது.

இதை வாசிக்கும் உங்களுக்கே இப்போது தாங்க முடியாமல் இருந்தால், நாளை வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அல்லது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வாகரையிலிருந்து வந்த அன்று இரவு அரிசிப் பெட்டியை நகர்த்தி என் கொப்பியை எடுத்தேன். இப்போது அது காம்பராவில், கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணே, அங்க எந்த நாள் போகணும்?" அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்.