மூளை கணினி அல்ல

"மெமரி ஃபுல், இனி எதுவும் ஏறாது" என்று பரீட்சைக்கு முந்தின இரவு அலுத்துக்கொள்ளாத மாணவர் உண்டா? பேச்சுக்கு அது சரி. மூளை நிஜமாகவே ஒரு கணினிதான் என்று அடித்துச் சொல்பவர்களின் வாதங்களைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் வாதம்: நினைவு என்பது சேமித்து வைத்த கோப்பு. 1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, 'நொறுங்கி'யைக் கேட்டிருந்தவர்களில் 32 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். 'மோதி'யை மட்டும் கேட்டவர்களில் 14 சதவீதம். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. கேட்கும் சொல்லுக்கேற்ப உள்ளடக்கம் மாறுமென்றால் அது என்ன கோப்பு?

இரண்டாவது: நியூரான் வெறும் சுவிட்ச், 0 அல்லது 1. ஆய்வாளர்கள் மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943-இல் எளிமைக்காக வரைந்த மாதிரி இது. நிஜ நியூரான்கள் அவ்வளவு எளிமையானவை அல்ல. நண்டின் வயிற்றை இயக்கும் நரம்பு முடிச்சில் சுமார் 30 நியூரான்களே உண்டு. அதையே பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் நரம்பியலாளர் ஈவ் மார்டர் காட்டியது இது: இணைப்புகள் அப்படியே இருக்க, நியூரான்களை நனைக்கும் வேதிப்பொருள் மாறினாலே அவை எழுப்பும் தாளம் மாறிவிடுகிறது. வயரிங் வரைபடம் மட்டும் கையில் இருந்தால் போதாது.

மூன்றாவது: மூளை வன்பொருள், மனம் மென்பொருள். லண்டன் டாக்ஸி உரிமத்துக்கு நகரத்தின் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு கண்டது. தேறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. செயலியை நிறுவினால் செல்போனின் சிப் வளர்கிறதா?

மூளையின் வேலைகளைக் கணக்காக எழுதிப் பார்ப்பது வீண் என்று சொல்ல வரவில்லை. மழையையும்தான் கணினியில் கணிக்கிறோம். அதற்காக மேகத்தைக் கணினி என்பதில்லை.

இன்றைய கணினிகளின் அடிப்படை அமைப்பு கணிதவியலாளர் வான் நியூமானின் பெயரால் வழங்குகிறது. அவர் இறந்த மறு ஆண்டு, 1958-இல், மூளையையும் கணினியையும் ஒப்பிடும் அவரது சிறுநூல் வெளிவந்தது. மூளையின் மொழி கணிதத்தின் மொழி அல்ல என்பதே அதன் கடைசிப் பகுதியின் தலைப்பு.