விளக்கெண்ணெய் வாசனை

‘அமெச்சூர்’ என்றால் நம் ஊரில் ஓர் இளக்காரம். ‘அமெச்சூர்தனமா இருக்கு சார்’ என்று விமர்சனத்தில் ஒரு வரி வந்தால் போதும், நாடகம் போட்டவர் ஒரு வாரம் தூங்கமாட்டார். இந்தச் சொல்லை வசவாக்கிய புண்ணியவான்கள், 1950-களில் அமெரிக்க ஏரிகளில் நடந்த ஒரு கூத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

அவுட்போர்டு மோட்டார் தெரியுமில்லையா? நம் மீனவர்கள் படகின் பின்னால் மாட்டுகிறார்களே, அதுதான். விஸ்கான்சினைச் சேர்ந்த ஓலே எவின்ரூட் 1909-ல் உருவாக்கிய மோட்டார் அதைப் பிரபலமாக்கியது. படகில் மோட்டார் வந்துவிட்டால் மனுஷனுக்கு அடுத்து என்ன தோன்றும்? பக்கத்துப் படகை முந்தத் தோன்றும்.

உலகப்போர் முடிந்ததும் அது பித்தாகவே ஆனது. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்தவர்கள், பத்திரிகையில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு கார் ஷெட்டில் பிளைவுட் படகு செய்தார்கள். லீவு நாளில் டிரெய்லரில் ஏற்றிக் குடும்பத்தோடு கிளம்பினார்கள். படகில் சீட் கிடையாது. மண்டியிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் ஆக்ஸிலரேட்டர் பிடி. பிடியை விட்டால் இன்ஜின் தணிந்துவிடும். ஆள் தண்ணீரில் விழுந்தபின் படகு தறிகெட்டு ஓடக்கூடாதே!

நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற கதையெல்லாம் இல்லை. கரையில் ஒரு பெரிய கடிகாரம். சுற்றிக்கொண்டே இருந்து, முள் பூஜ்யத்தைத் தொடும்போது முழு வேகத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் அவுட்! ‘ஸ்டாக்’ பிரிவில் ஜெயித்தாலும் உடனே கொண்டாட முடியாது. இன்ஜினைப் பிரித்து, அளந்து, திருட்டு வேலை இல்லை என்று உறுதி செய்வார்கள்.

வேகப் பிரிவுகளில் மெதனாலோடு விளக்கெண்ணெய் கலந்து ஓட்டினார்கள். ஆமாம், நம் வீடுகளில் மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே சனியன்தான்! பழைய ஆட்களின் நினைவுகளில் ஜெயித்த கோப்பைக்கு முன்னால் வந்து நிற்பது அந்தப் புகையின் வாசனை.

நான் பி.காம். இதற்குப் பற்று வரவு எழுதினால் சுத்த நஷ்டம். வரவில் ஒரு சின்னக் கோப்பை, அவ்வளவுதான். பெற்ற பிள்ளைக்கு அப்பா கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டியதை எந்தப் பத்தியில் எழுதுவது?

லாபக் கணக்குக்காரர்களும் வந்தார்கள். 1970-களில் மெர்க்குரியும், எவின்ரூட், ஜான்சன் மோட்டார்களைத் தயாரித்த ஓ.எம்.சி.யும் பெரிய பந்தயங்களில் பணத்தைக் கொட்டி மோதின. வேகம் எகிறியது. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்திருக்கும். ஆனால், அங்கே கார் ஷெட்காரருக்கு என்ன வேலை? வேடிக்கை பார்ப்பதுதான்.

கம்பெனிப் பணம் வந்தால்தான் விளையாட்டு வளரும் என்பவர்கள் மீதியையும் கேளுங்கள். ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவால். எவின்ரூட் பிறகு கைமாறி, 2020-ல் அந்த மோட்டார் தயாரிப்பே நின்றது. அமெச்சூர்கள்? இன்னும் ஓட்டுகிறார்கள், கிழட்டு மெர்க்குரிகளுக்கு உதிரிபாகம் தேடி அலைந்தபடி.

நம் கதைக்கு வருவோம். 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா நதியில் எஃப்1 படகுப் பந்தயம் நடந்தது. வெளிநாட்டு ஓட்டுநர்கள் சீறினார்கள்; நாம் கைதட்டினோம். 2019-ல் அது வரவில்லை. போகட்டும். அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பையன் ஒருவன் பிளைவுட்டும் ரம்பமுமாக மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

‘‘போய்ப் படிடா, வெளக்கெண்ணெ!’’