சரிவில் மனைகோலல்

சேர்வராயன் மலையில் வாழவந்தி போன்ற ஊர்களிற் சமநிலம் அரிது. ஆதலின், மனைகோலுவோர் சரிவின் மேற்புறத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறத்திற் கொட்டி நிரவுகின்றனர். வெட்டிய தரை உறுதியானது. கொட்டிய மண்ணோ அமுங்குவது. ஒரு வீட்டின் கடைக்கால் இவ்விரண்டின்மீதும் நிற்பின், சுவர் பிளத்தல் கூடும்.

நீர் ஊறிய சரிவின் கொடுமையை நாம் அறிவோம். 2024 டிசம்பர் 1-இல், ஃபெஞ்சல் புயல்மழையால் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீட்டை மூட, எழுவர் மாண்டனர். அம்மழையில் ஏற்காட்டுச் சாலையிலும் மண் சரிந்தது.

ஆகவே, மலையை மட்டமாக்காது, வீட்டைப் படிபடியாக அமைப்பதே அறிவுடைமை. கடைக்கால் முழுதும் வெட்டுத்தரையில் நிற்க. மேற்புறத்தில் நீர்க்கால் ஓடுக. தடுப்புச்சுவரிற் கசிவுத்துளைகள் அமைக. செலவு மிகுமென்பர், மறுக்கிலேம். எனினும், நாம் கொட்டிய மண்ணின் கடனைக் கீழ்வீட்டான் இறுக்க நேரும். அயலான் தலைமேல் நம் முற்றத்தை எழுப்புதல் முறையன்று என்பதே எம் துணிபு.