‘இன்ஜின் போச்சு’ன்னு சொன்னா நம்பிடாதீங்க

“இன்ஜின் போச்சுங்க. இதுக்குச் செலவு பண்றது தண்டம். புதுசா ஒண்ணு எடுத்துக்கங்க.”

ரிப்பேரான மிஷினைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போற விவசாயி கேட்குற வழக்கமான வசனம் இது. மருந்தடிக்கிற மிஷின், புல் வெட்டுற மிஷின், மரம் அறுக்குற மிஷின், எதுவா இருந்தாலும் பதில் இதுதான். டாக்டரே சொல்லிட்டார்ங்கிற மாதிரி நாமும் தலையாட்டிட்டு வந்துடுறோம். இந்த வசனம் பல சமயம் பொய்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. வாயால சொன்னா நம்ப மாட்டீங்க, அதனால ஒரு மிஷினோட கதையையே சொல்றேன்.

போன ஆனி மாசம் பம்புசெட்டுக்கு ஒரு பழைய பைப் தேடி பேராவூரணிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். உடைஞ்ச சைக்கிள்களுக்கு அடியில மரம் அறுக்குற மிஷின் ஒண்ணு கிடந்தது. இழுக்குற கயிறு அறுந்திருந்தது. செயின் முழுக்கத் துரு. சைலன்சர் வாயில மண்குளவி கூடு கட்டியிருந்தது. ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து மேலெல்லாம் களிமண் மாதிரி அப்பியிருந்தது. கடைக்காரர், “எடைக்கு எடுத்ததுதான் தம்பி, ஆயிரத்தைநூறு குடுத்துட்டுத் தூக்கிட்டுப் போங்க”ன்னார். யாரோடதுன்னு கேட்டேன். பக்கத்து ஊர்த் தம்பி ஒருத்தர் பேரைச் சொன்னார். எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்து படிக்கிறவங்களுக்கு இங்க கொஞ்சம் பின்கதை சொல்லணும். 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. ஒரே ராத்திரியில லட்சக்கணக்கான தென்னை சாய்ஞ்சது. விழுந்த மரத்தை அப்படியே விட்டுட முடியாது. மட்குற தென்னைத் தண்டுலதான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அது பெருகிட்டா, புயல்ல தப்பிச்ச மரத்தோட குருத்தையும் ஓட்டை போட்டுடும். அதனால மரங்களைச் சீக்கிரம் அறுத்து அப்புறப்படுத்தியாகணும். கை ரம்பத்தால ஆகுற வேலையா அது? அப்பத்தான் எங்க பக்கம் இந்த மிஷின் ஊருக்கு ஊர் வந்து இறங்குச்சு. ‘மரம் வெட்டுற மிஷினா, ஐயோ பாவம் இயற்கை’ன்னு நினைக்கிறவங்க இதையும் நினைச்சுக்கணும். எங்களுக்கு அது மிச்ச மரத்தைக் காப்பாத்த வந்த மிஷின்.

அந்தத் தம்பியும் அப்பத்தான் வீட்டுக்காரம்மா நகையை அடகு வச்சு இதை வாங்கினார். ரெண்டு வருஷம் நல்ல வேலை. தென்னை முடிஞ்சதும் சீமைக்கருவேலம் அறுக்கப் போனார். ஒருநாள் மிஷின் மக்கர் பண்ண ஆரம்பிச்சது. சோக் இழுத்து வச்சா ஓடும், எடுத்தா நின்னுடும். கொஞ்ச நாள்ல அதுவும் இல்ல. வாங்கின கடைக்கே கொண்டு போனார். அவங்க கயித்தை நாலு இழுப்பு இழுத்துப் பார்த்துட்டு, மேலே எழுதின மூணு வசனத்தையும் சொல்லிட்டாங்க. ஒரு ஸ்குரூவைக்கூடக் கழட்டலை. மிஷின் திண்ணைக்குக் கீழ போச்சு, மனுஷன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். நகையை மீட்க மூணு வருஷம் ஆச்சு. மிஷின் கடைசியில எடைக்குப் போச்சு.

நான் மெக்கானிக் இல்ல. டூ ஸ்ட்ரோக் பைக் ஓட்டின தலைமுறை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முதல்ல டீசலும் பிரஷ்ஷும் வச்சு ஒரு சாயங்காலம் முழுக்கக் கழுவினேன். குளவிக் கூட்டை எடுத்தேன். சைலன்சர் போல்ட்டைக் கழட்டி, அந்தத் துவாரம் வழியா டார்ச் அடிச்சுப் பிஸ்டனைப் பார்த்தேன். இன்ஜின் போச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க இதுதான் நேர் வழி. ஆயில் கலக்காம ஓட்டியிருந்தா பிஸ்டன் பக்கவாட்டுல மேலிருந்து கீழா கீறல் கீறலா இருக்கும். இதுல வழவழன்னு இருந்தது. அப்புறம் புதுக் கயிறு போட்டு, கயித்துக் கைப்பிடியைப் பிடிச்சு மிஷினைத் தொங்கவிட்டேன். கம்ப்ரஷன் இல்லாத மிஷின் சர்ருனு கீழ போயிடும். இது விக்கி விக்கி, மெதுவா இறங்குச்சு. பிளக்கை மாத்திட்டுப் பார்த்தா நீலமா பொறி அடிக்குது. காத்து இருக்கு, கம்ப்ரஷன் இருக்கு, நெருப்பு இருக்கு. பாக்கி பெட்ரோல்தான்.

டேங்க்கைத் திறந்தா பழைய வார்னிஷ் வாசனை. உள்ள இருக்குற பெட்ரோல் டியூப் தொட்டதும் பிட்டு மாதிரி உதிர்ந்தது. கார்புரேட்டரைத் திறந்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. உள்ள மெல்லிசா ஒரு ரப்பர் ஜவ்வு, டயாப்ரம்னு பேரு. அது துடிச்சாத்தான் பெட்ரோல் ஏறும். இதுல அது அப்பளம் மாதிரி விறைச்சுப் போயிருந்தது. ‘சோக் போட்டா ஓடும், எடுத்தா நின்னுடும்’ங்கிறதுக்கு அர்த்தமே பெட்ரோல் பத்தலைங்கிறதுதான். அன்னைக்கே கடைக்காரர் பார்த்திருக்க வேண்டிய முதல் இடம் இந்த டியூபும் இந்த ஜவ்வும்.

பட்டுக்கோட்டையில வேற ஒரு சின்னக் கடையில எல்லாம் கிடைச்சது. கணக்கைக் கேளுங்க. டயாப்ரம் செட் 220 ரூபா. டியூபும் ஃபில்டரும் 130. பிளக் 110. கயிறு 40. செயின் 800. அரம் 100. மொத்தம் 1,400. மிஷின் விலை 1,500. ஆக 2,900. இதே அளவுல புது மிஷினுக்கு டவுன்ல சொன்ன விலை 24,000. அந்தத் தம்பிக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது 350 ரூபா சாமானும் ஒரு மணி நேர வேலையும்.

முந்நூத்தைம்பது ரூபாய்க்காக ஒரு மனுஷன் ஊரை விட்டுப் போயிருக்கார். எனக்கு வயிறு எரியுறது அதுக்குத்தான்.

இதுக்கு யாரைக் குத்தம் சொல்றது? முதல் குத்தம் விக்கிறவங்க மேல. மிஷின் விக்கிற கடை, அதோட டயாப்ரத்தையும் டியூபையும் வச்சிருக்கணும். இல்லைன்னா, ‘விக்கிறது மட்டும்தான் எங்க வேலை’ன்னு போர்டு மாட்டட்டும். கழட்டிப் பார்க்காம ‘போச்சு’ன்னு சொல்றது ரிப்பேர் ஆகாது. புது மிஷினுக்குப் பண்ற வியாபாரம் அது.

ரெண்டாவது, தயாரிக்கிறவங்க. மிஷினோட ஒரு புத்தகம் வருது, இங்கிலீஷ்ல, எறும்பு எழுத்துல. அதை எங்க ஊர்ல யார் படிப்பாங்க? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் கலக்குற மிஷினும் இருக்கு, 40 மில்லி கலக்குற மிஷினும் இருக்கு. தப்பாப் போச்சுன்னா இன்ஜின் நிஜமாவே போயிடும். இந்த ஒரு வரியைத் தமிழ்ல ஸ்டிக்கரா அடிச்சு டேங்க் மேல ஒட்ட முடியாதா? விளம்பரம் மட்டும் சுத்தத் தமிழ்ல வருதே!

மூணாவது குத்தம் நம்ம மேலயே. வேலை முடிஞ்சதும் பெட்ரோலோட அப்படியே மூலையில வச்சுடுறோம். இப்ப பம்புல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும், மாசக்கணக்குல நின்னா உள்ள இருக்குற ரப்பரைக் கெடுக்கும். டேங்க்கை வடிச்சு, தானா நிக்கிற வரைக்கும் ஓட்டி வைக்கிறது ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாம மாட்டுப்பொங்கலுக்கு மட்டும் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு என்ன புண்ணியம்? நானும் யோக்கியன் இல்ல. எங்க கொட்டகையில மருந்தடிக்கிற மிஷின் ஒண்ணு இதே மாதிரித்தான் செத்துக் கிடந்தது.

செயினும் அப்படித்தான். மொட்டையாப் போனா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறாங்க. தென்னந்தண்டோட வெளிப்பட்டை கெட்டி, பல்லைச் சீக்கிரம் மழுக்கிடும். செயினுக்கு ஏத்த கனத்துல உருண்டை அரம் வாங்கி, ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வுல, ஒரே எண்ணிக்கையில ரெண்டு மூணு தடவை ராவினாப் போதும். மரத்தூள் சீவல் சீவலா விழுந்தா கூர் இருக்கு. மாவு மாதிரி விழுந்தா கூர் இல்ல. இந்தப் பல்லுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கு. 1940கள்ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல ஜோ காக்ஸ்னு ஒரு மரம் அறுக்குறவர், மரத்தை இடமும் வலமுமா குடைஞ்சு தின்னுற ஒரு வண்டுப் புழுவோட வாயைப் பார்த்துத்தான் இந்த வடிவத்தையே செஞ்சார். நாங்க அதை வச்சு வண்டுப் புழு வளர்ற தண்டை அறுக்குறோம்.

‘இதெல்லாம் கிராமத்துக் கதை’ன்னு நகரத்து நண்பர்கள் நகர்ந்துடாதீங்க. உங்க வீட்டு மிக்ஸிக்கும் போனுக்கும் இதே வசனம்தான் சொல்லப்படுது. 2022 ஜூலையில மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, மொபைல் போன், வீட்டுச் சாதனம், வாகனம்னு நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க. கவனிங்க, விவசாயக் கருவியும் அதுல இருக்கு. அந்த வருஷக் கடைசியில இணையதளமும் திறந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா உரிமை இணையதளத்துல இருந்து என்ன பண்றது, டயாப்ரம் பேராவூரணியில கிடைக்கணும். சட்டமா வர்ற வரைக்கும், மிஷின் வாங்கப் போறப்ப ‘ஸ்பேர் வச்சிருக்கீங்களா?’ன்னு கேட்டுட்டுத்தான் பணத்தை எடுக்கணும். நீங்களும்தான்.

‘அப்ப பழசு எதைக் கண்டாலும் வாங்கிடலாமா?’ன்னு கேட்டா, கூடாது. பிஸ்டன்ல கீறல் இருந்தா விட்டுடுங்க. முன்னால இருக்குற கைத்தடுப்பு உடைஞ்சிருந்தாலோ, அதைத் தள்ளினா செயின் நிக்கலைன்னாலோ, அதைச் சரி பண்ணாம ஓட்டவே கூடாது. பார் நுனி மரத்துல இடிச்சா மிஷின் முகத்தை நோக்கித் திரும்பி வரும். அந்த நேரத்துல செயினை நிறுத்துறது அந்தத் தடுப்புதான். காசை மிச்சம் பிடிக்கலாம், கையை மிச்சம் பிடிக்க முடியாது. ‘உன் நேரத்துக்கு விலை இல்லையா?’ன்னும் ஒருத்தர் கேட்டார். இருக்கு. மூணு சாயங்காலம் போச்சு. 21,100 ரூபா மிச்சமாச்சு. எங்க தோப்புல மூணு சாயங்காலத்துக்கு அவ்வளவு காசு எந்தத் தேங்காயும் தந்ததில்ல.

தீபாவளிக்கு அந்தத் தம்பி ஊருக்கு வந்திருந்தார். வீட்டுக்குக் கூப்பிட்டு மிஷினைக் காட்டினேன். அடையாளம் தெரியலை. கயித்தை அவரையே இழுக்கச் சொன்னேன். மூணாவது இழுப்புல பிடிச்சது. சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னார். அணைச்சுட்டு, “என்ன போயிருந்துச்சுண்ணே?”ன்னு கேட்டார். பழைய ஜவ்வை எடுத்து அவர் உள்ளங்கையில வச்சேன்.

“இதுவா?”

“இதுவும் ஒரு டியூபும்தான் தம்பி.”

அதுக்கப்புறம் அவர் ஒண்ணும் பேசலை. போட்ட காசை மட்டும் குடுத்துட்டு மிஷினை எடுத்துக்கச் சொன்னேன். “மிஷின் இருக்கட்டும்ணே. நாளைக்கு வர்றேன், கழட்டி மாட்டக் கத்துக் குடுங்க”ன்னார். மறுநாள் காலையில ஏழு மணிக்கே வந்துட்டார். கொட்டகையில செத்துக் கிடந்த மருந்து மிஷினைத்தான் முதல் பாடத்துக்கு எடுத்தோம். அதுலயும் டியூப்தான் போயிருந்தது.

அதனால, அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட ‘இன்ஜின் போச்சு’ன்னு சொன்னா, சண்டை போட வேண்டாம். மரியாதையாவே கேளுங்க: “எந்தப் பாகம் போச்சுங்க? கழட்டிக் காட்டுங்க.” காட்டினா அவர் மெக்கானிக். காட்டலைன்னா மிஷினைத் தூக்கிக்கிட்டு வந்துடுங்க.